நார்வேஜியனா, இலோகானோவா? கப்பலில் இருக்கும் தமிழனுக்கு எது கைக்கு வரும்?

ஆயில்_சட்டை, செம்பூர்

எல்லோருக்கும் வணக்கம். மொழி ஆர்வலர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன், சிரிக்கக் கூடாது.

நான் கப்பலில் தேர்ட் இன்ஜினியர். ஏழு மாதக் கான்ட்ராக்ட் முடித்துப் போன மாதம்தான் சைன்-ஆஃப் ஆகி, அதாவது கப்பலிலிருந்து இறங்கி, மும்பை வந்தேன், அடுத்தது ஜனவரியில். கம்பெனி நார்வேக்காரர்களுடையது, கேப்டனும் சீஃபும் (சீஃப் இன்ஜினியர்) அந்த ஊர். மீதிக் கப்பல் பிலிப்பினோ. அதிலும் ஆயிலர், ஃபிட்டர், போசன், சமையல்காரர் என்று பாதிப் பேர் லூசோன் தீவின் வடக்கே இலோகோஸ் பக்கத்துக்காரர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவது மனிலாப் பக்கத்து மொழியான தகாலோக் என்றே ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன், பிறகுதான் அது இலோகானோ என்று தெரிந்தது, மனிலாக்காரனுக்கே அது புரியாதாம்.

கரையில் இருக்கிற இந்த மூன்று மாதத்தில் இரண்டில் ஒன்றையாவது உருப்படியாக ஆரம்பிக்கலாம் என்று ஆசை. எது சுலபம்? என் கணக்கு இப்படி: நார்வேஜியன் ஐரோப்பிய மொழி, இலக்கணம் படுத்தும். இலோகானோ தீவு மொழி, நாலு வார்த்தை சேர்த்தால் பேசிவிடலாம். இது சரியா?

ஒரு நடந்த கதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் ஆயிலர் ஒருவர் வேலை முடிந்ததும் என்னைப் பார்த்து "இன்தா" என்றார். நான் ஏதோ தருகிறார் போல என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பார்க்கிறார், நான் அவர் கையைப் பார்க்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, "வா போகலாம்" என்று சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். சரி, ஒரு வார்த்தை கற்றுக்கொண்டோம் என்று மறுநாள் மெஸ் ரூமில் பத்துப் பேரைப் பார்த்து நானும் சத்தமாக "இன்தா" என்றேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை.


தாராவி_டிப்டாப்

மச்சி, சம்பளம் யார் தருகிறார்களோ அவர்கள் மொழியைப் படி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நார்வேஜியன் டுவோலிங்கோவிலேயே இருக்கிறது, லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே படிக்கலாம். இலோகானோ அதில் கிடையாது. கதை முடிந்தது.


மாட்டுங்கா_மாமி

முடியவில்லை தம்பி, இப்போதுதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்தச் சிரிப்புக்கு விளக்கம் சொல்கிறேன். இலோகானோவில் "நாம்" என்பது இரண்டு. நீயும் நானும் மட்டும் என்றால் ஒன்று, நீங்கள் எல்லோரும் நானும் என்றால் இன்னொன்று. "இன்தா" என்றால் நாம் இரண்டு பேர் போகலாம். "இன்தாயோ" என்றால் நாம் எல்லோரும் போகலாம். பத்துப் பேரைப் பார்த்து நீங்கள் "நாம ரெண்டு பேர் மட்டும் கிளம்பலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்!

இது போக, கேட்கிறவரைச் சேர்க்காத "நாங்கள்" தனியாக இருக்கிறது. நம்முடைய நாம், நாங்கள் பிரிவு அப்படியே அங்கே உண்டு, கூடுதலாக ஒரு இருவர்-நாம். மும்பையில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம், மராத்தியில் "ஆபண்" "ஆம்ஹி" என்று தினமும் பிரித்துத்தானே பேசுகிறோம். இந்திக்காரருக்கு "ஹம்" ஒன்றுதான், அவர் இதைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். நார்வேஜியனிலும் "வீ" என்ற ஒன்றேதான். சீஃப் உங்களிடம் "நாம் கரைக்குப் போகிறோம்" என்கிறாரா, "நாங்கள் போகிறோம், நீ இன்ஜின் ரூமைப் பார்த்துக்கொள்" என்கிறாரா என்பது அந்தச் சொல்லில் தெரியாது, முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். அது தலைகீழ். "ஐரோப்பிய மொழி என்றால் இலக்கணம் கடினம், தீவு மொழி என்றால் எளிது" என்று யார் சொன்னது? நார்வேஜியன் வினைச்சொல் பரம சாது. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், அவன் இருக்கிறான், அவர்கள் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் "ஏர்" ஒன்றுதான். இலோகானோ வினையோ ஒரு முழுக் குடும்ப அட்டை. யார் செய்தார், எதைச் செய்தார், யாருக்காகச் செய்தார் என்பதில் எதைப் பேச்சின் நடுவில் வைக்கிறோமோ அதற்கேற்ப வினையின் உடம்பே மாறும். "கதாங்" என்பது வாங்குவதன் வேர். வாங்குகிற ஆளை முன்வைத்தால் "குமதாங்", வாங்கப்படுகிற பொருளை முன்வைத்தால் "கதாஙென்", யாருக்காக வாங்குகிறோமோ அவரை முன்வைத்தால் "இகதாஙன்". முதல் வடிவத்தைப் பாருங்கள், வேரின் முதல் மெய்யெழுத்துக்குப் பின்னால் "உம்" என்று ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள். நமக்கு விகுதி வாலில்தான் வரும், வயிற்றில் வராது. இங்கேதான் தமிழன் திணறுவான்.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் "மீன் சாப்பிட்டேன்" என்பதற்கும் "மீனைச் சாப்பிட்டேன்" என்பதற்கும் வித்தியாசம் என்ன? முதலாவதில் ஏதோ மீன். இரண்டாவதில் நம் இருவருக்கும் தெரிந்த அந்த மீன், ஃப்ரிட்ஜில் வைத்திருந்தது, யார் தின்றது என்று வீட்டில் விசாரணை நடக்கிற மீன். அந்த வேலையை நாம் ஒரு "ஐ"யை வைத்து முடித்துவிடுகிறோம்.

நார்வேக்காரர் "யை ஸ்பிஸ்தெ ஃபிஸ்க்" என்றால் ஏதோ மீன். "யை ஸ்பிஸ்தெ ஃபிஸ்கென்" என்றால் அந்த மீன். ஆங்கிலம் மாதிரி முன்னால் ஒரு சொல்லை நிறுத்தாமல் பெயருக்கு வாலில் ஒட்டுகிறார். ஒட்டுகிற பழக்கத்தில் நம் ஆள்.

இலோகானோக்காரர் என்ன செய்கிறார்? மீன் என்பதற்கு அவர் சொல் "இக்கன்", அதில் கை வைப்பதே இல்லை. முன்னால் வருகிற குட்டிச் சொல் மாறும், ஆனால் பெரிய வேலை வினையில் நடக்கிறது. "நஙனக் இத்தி இக்கன்" என்றால் ஏதோ மீன் சாப்பிட்டேன். "கின்னன்கோ தி இக்கன்" என்றால் அந்த மீனைச் சாப்பிட்டேன். சாப்பிடுவது என்ற வினையே வேறு உருவத்துக்குப் போய்விட்டது, "நான்" என்பதற்கு ஒட்டுகிற வாலும் "அக்" போய் "கோ" ஆகிவிட்டது. மீன் அதேதான்.

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் பாடம் எடுத்தவள். இரண்டாம் வேற்றுமை எதற்கு டீச்சர், சில இடத்தில் போடுகிறோம், சில இடத்தில் விடுகிறோம் என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக இந்த மொழிகளைப் படிக்கும்போதுதான் அந்த "ஐ" எதற்கு என்று எனக்கே விளங்கியது.


முன்னாள்_போசன், சயான் கோலிவாடா

மாமி, நமஸ்காரம். நஙனக் என்றதும் எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்துவிட்டது.

நான் 2015இல் கடலை விட்டவன், அதற்கு முன் இருபது வருடம் இலோகானோப் பயல்களோடுதான் குடித்தனம். ஒரு கப்பலில் சமையல்காரர் மனிலா. புதிதாகச் சேர்ந்த இலோகோஸ் பையனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். அவன் தூக்கக் கலக்கத்தில் தன் மொழியிலேயே "நஙனக்" என்று சொல்லிவிட்டான். தகாலோகில் அதே சொல்லுக்கு "பிள்ளை பெற்றாள்" என்று அர்த்தம். சமையல்காரர் கரண்டியும் கையுமாக மெஸ் ரூமுக்கு ஓடிவந்து "வாழ்த்துகள், ஆணா பெண்ணா" என்று கேட்டார். அந்தப் பையனுக்கு இறங்குகிற வரை அதுதான் பெயர்.

தம்பி ஆயில் சட்டை, உங்களை இன்னும் யாரும் "அடிங்" என்று கூப்பிடவில்லையா? கூப்பிட்டால் சண்டைக்குப் போய்விடாதீர்கள். நான் போயிருக்கிறேன். முதல் கப்பலில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து "அடிங்" என்றார், நம் ஊர்ப் பழக்கத்தில் அதற்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியுமாதலால் "யாரைப் பார்த்துடா" என்று சட்டையை மடித்துவிட்டேன். பாவம், அவர் "தம்பி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வயதில் மூத்தவரை "மனோங்", அதாவது அண்ணே. மூத்த பெண்ணை "மனாங்". பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இதெல்லாம் நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

நார்வே கேப்டன் கதை நேர் எதிர். "சார்" என்றால் அவருக்குக் கூச்சம், பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்பார். அவர்கள் மொழியில் யாரையும் "டூ" தான், நீ தான். மரியாதைக்கு "டீ" என்று ஒன்று முன்பு இருந்தது, இப்போது வழக்கொழிந்துவிட்டது. அறுபது வயது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவே இல்லை, கடைசி வரை கேப்டன் கேப்டன் என்றே ஓட்டிவிட்டேன்.

நான் சொல்வேன், இலோகானோ படியுங்கள். காரணம் எளிது. நார்வேக்காரர் நாம் வாயைத் திறப்பதற்குள் நல்ல ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார், உங்களுக்குப் பேசிப் பழக வாய்ப்பே கிடைக்காது. இலோகானோக்காரர் அப்படியில்லை, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பத்து வார்த்தை சொல்லித் தருவார், கூடவே பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் போட்ட பினாக்பெத் ஒரு தட்டு வைப்பார். இறால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதில் போடுகிற பகூங், அதாவது உப்பில் ஊறவைத்த மீன் விழுது, அந்த வாசனை வீட்டு ஞாபகம்.

அவர்கள் கதையும் நம் கதைதான். 1906 டிசம்பரில் பதினைந்து பேர் கரும்புத் தோட்ட வேலைக்கென்று ஹவாய் போய் இறங்கினார்கள், அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் போனார்கள். இன்று ஹவாய் பல்கலைக்கழகத்தில் இலோகானோவில் பட்டமே வாங்கலாம். நம்மாட்கள் மலேயா, இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கதையைப் பேசினால் மெஸ் ரூமில் விடிய விடியப் பேச்சு ஓடும்.


முலுண்ட்_கிழக்கு

போசன் அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். என் அக்கா பெர்கனில் பத்து வருடமாக இருக்கிறாள். ஆங்கிலத்தை வைத்து வாழலாம், ஆனால் அவர்கள் நாலு பேர் சேர்ந்து காபி குடிக்கிற இடத்தில் நாம் சுவர்தான்.

சுலபம் என்று பார்த்தால் நார்வேஜியன்தான் சுலபம், ஆங்கிலம் தெரிந்தவனுக்குப் பாதிச் சொல் இலவசம். ஹூஸ் வீடு, பூக் புத்தகம், விந்தெர் குளிர்காலம், ஃபிஸ்க் மீன். உச்சரிப்பிலும் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. ஓஸ்லோ பக்கப் பேச்சில் "ர்" என்பதற்குப் பின்னால் "ன", "த" வந்தால் இரண்டும் சேர்ந்து நாக்கை மடிக்கிற ஒலியாகிவிடும். குழந்தைக்கு "பார்ன்" என்று எழுதியிருக்கும், சொல்வது கிட்டத்தட்ட "பாண்". நம் ட, ண அப்படியே. ஜெர்மன்காரனும் பிரெஞ்சுக்காரனும் இதற்குத் தலைகீழாக நின்று பயிற்சி எடுக்கிறான், அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள், டீச்சர் அசந்துவிட்டாராம். ஆனால் அவள் குடியிருக்கிற பெர்கனில் "ர்" தொண்டையிலிருந்து வரும், அங்கே இந்த ண எல்லாம் கிடையாது. வகுப்பில் கைதட்டு வாங்கியது தெருவில் செல்லவில்லை.

இதுதான் நார்வேஜியனின் உண்மையான வலி. அங்கே எழுதுகிற மொழியே இரண்டு. நானூறு வருடம் டென்மார்க்கின் கீழ் இருந்தார்கள், 1814இல் அந்த உறவு அறுந்தது, ஆனால் எழுத்து டேனிஷாகவே இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நார்வே உச்சரிப்புக்கு இழுத்தது இன்றைய பூக்மோல். ஈவர் ஓசென் என்பவர் இன்னொரு வழி பிடித்தார். 1842 முதல் நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிக் கிராமத்துப் பேச்சுகளைச் சேகரித்து, 1848இல் இலக்கணம், 1850இல் அகராதி என்று போட்டு, வட்டார வழக்குகளிலிருந்தே ஒரு எழுத்து மொழியைக் கட்டிவிட்டார். அதுதான் இன்று நீநோஷ்க். 1885இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம அந்தஸ்து கொடுத்தது. இப்போது பெரும்பாலான பிள்ளைகள் பூக்மோல்தான், நீநோஷ்க் எடுப்பவர்கள் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு, மேற்குப் பக்கத்தில் அதிகம்.

பேச்சோ இந்த இரண்டுக்கும் அடங்காது. "நான்" என்பதற்கு வகுப்பில் "யை" என்று அக்கா கற்றாள். பெர்கனில் "எக்" என்கிறார்கள். ட்ரோன்ட்ஹெய்ம் போனால் வெறும் "ஏ". மோல்தெ என்ற ஊரில் "ஈ". நம்மிடம் மதுரைக்காரரும் கோவைக்காரரும் மைக்கைப் பிடித்தால் செந்தமிழுக்கு மாறிவிடுவோம் இல்லையா, அவர்கள் மாறவே மாட்டார்கள். டிவி செய்தியாளர், நாடாளுமன்ற உறுப்பினர், எல்லோரும் சொந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுவார்கள், அதுதான் கௌரவம். எனக்கு இது பொறாமையாக இருக்கிறது, படிக்கப் போகிறவனுக்கு நரகம்.


தாராவி_டிப்டாப்

ஒரு "நான்"-க்கு நாலு வகையா? நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் மச்சி. மராத்தியையே இன்னும் சரியாகப் பேசவில்லை.


ஆயில்_சட்டை, செம்பூர்

அப்பாடா, இத்தனை மாதமாக மண்டையைக் குடைந்த சிரிப்புக்கு விளக்கம் கிடைத்தது. மாமிக்குக் கோடி நன்றி.

இன்னொரு சந்தேகம். சீஃப் போனில் தன் ஊர்க்காரர்களோடு எண்கள் பேசும்போது எனக்கு ஒரே குழப்பம். ஒரு சமயம் இருபத்தைந்தை "ஷூஎஃபெம்" என்கிறார், இன்னொரு சமயம் அதையே "ஃபெம் ஓ ட்யூவெ" என்கிறார். கேஜ் அளவைப் பக்கத்தில் நின்று குறிக்கிற எனக்கு ஐம்பத்திரண்டா இருபத்தைந்தா என்று வயிற்றைக் கலக்கும். ஆங்கிலத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வேன் என்பது வேறு விஷயம். இரண்டு விதமும் சரியா?


மாட்டுங்கா_மாமி

இரண்டும் உண்டு. பழைய முறையில் ஒன்றாம் இடம் முதலில், "ஐந்தும் இருபதும்". நம் பக்கத்து வீட்டு மராத்தி "பஞ்சவீஸ்", இந்தி "பச்சீஸ்" மாதிரி. நாடாளுமன்றமே முடிவெடுத்து, 1951இலிருந்து தமிழ் மாதிரி... மன்னிக்கவும், தமிழைக் கேட்டுச் செய்யவில்லை, "இருபது ஐந்து" என்று மாற்றினார்கள். டெலிபோன் எண் நீளமானதும் எக்ஸ்சேஞ்சில் தப்பு நடக்கிறது என்று தொலைபேசித் துறை கேட்டதாம் காரணம். எழுபது வருடம் தாண்டியும் வயதானவர்கள், சில குடும்பங்கள் பழைய முறையை விடவில்லை. அரசாங்கம் சொன்னால் வாய் கேட்குமா?

இலோகானோவிலும் எண் இரண்டு வகை, ஆனால் வேறு காரணம். சொந்த எண்கள் மய்சா, துவா, தல்லோ, உப்பத், லிமா. மணி சொல்லும்போது ஸ்பானிஷ், மூன்று மணி "அலாஸ் த்ரேஸ்". முந்நூறு வருட ஸ்பானிய ஆட்சி கடிகாரத்தில் உட்கார்ந்துகொண்டது. மலேசியாவில் உறவுக்காரர் இருக்கிறவர்கள் இந்தப் பட்டியலைப் படித்தால் துள்ளிக் குதிப்பார்கள். துவா, லிமா, மாத்தா கண், லஙித் வானம், இக்கன் மீன், அனக் பிள்ளை, மலாயிலும் இவை இதே சொற்கள்தான், ஒரே குடும்பம்.

போசன் தம்பியின் "நஙனக்" விஷயத்தில் ஒரு எழுத்தைக் கவனித்தீர்களா? ங. ஆனா ஆவன்னா படிக்கும்போது ங ஙா ஙி ஙீ என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு அதற்கப்புறம் வாழ்நாளில் தொடாத எழுத்து. இலோகானோவில் அது சொல்லின் முதலிலேயே வரும். "ஆனால்" என்பதற்கு "ஙெம்". பல்லுக்கு "ஙிப்பென்". வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு வெளியூரில் உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

எழுத்து என்றதும் இன்னொன்று. பழைய பிலிப்பைன்ஸ் எழுத்தில் வெறும் மெய்யெழுத்தை எழுத வழியே இல்லை. க எழுதலாம், க் எழுத முடியாது. இலோகானோவில் முதலில் அச்சான புத்தகம் 1621இல் வந்த கிறிஸ்தவ வேதபாடம். அதைப் போட்ட ஃபிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் இந்தக் குறையைப் பார்த்துவிட்டு, எழுத்துக்குக் கீழே ஒரு சிலுவைக் குறி போட்டால் உயிர் போய் மெய் நிற்கும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். நம் புள்ளி செய்கிற அதே வேலை. ஊர்க்காரர்கள் அதைச் சட்டை செய்யவில்லை, பிறகு ரோமன் எழுத்து வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.


முன்னாள்_போசன், சயான் கோலிவாடா

மாமி ஒரு முக்கியமான சொல்லை விட்டுவிட்டீர்கள். கப்பலில் அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. "கனோ".

நமக்கு "போனானாம்" என்பதில் அந்த "ஆம்" இருக்கிறதல்லவா, நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன், தப்பென்றால் என்னைக் கேட்காதே என்று கழன்றுகொள்வதற்கு, அதுதான் கனோ. "நப்பன் கனோ" என்றால் போனானாம். சைன்-ஆஃப் தள்ளிப்போகிறதாம், அடுத்த துறைமுகம் மாறிவிட்டதாம், சம்பளம் ஏறுகிறதாம், எல்லாம் கனோ கனோ. மராத்தியில் "ம்ஹணே" என்பார்களே, அதேதான்.


மாட்டுங்கா_மாமி

ஆகா, விட்டுவிட்டேன். சபாஷ். நார்வேஜியனில் இதற்கு "ஸ்கால்" என்ற துணைவினையைப் போடுவார்கள். "ஹான் ஸ்கால் வேரெ ரீக்" என்றால் அவன் பணக்காரனாம். அதே ஸ்கால்தான் "செய்யப் போகிறேன்" என்பதற்கும் வரும், அதனால் புதிதாகக் கற்பவர் "அவன் பணக்காரனாகப் போகிறான்" என்று எடுத்துக்கொண்டு ஏமாறுவார். ஆயில் சட்டைத் தம்பி, சீஃப் பேச்சில் இது காதில் விழுந்தால் வதந்தியா திட்டமா என்று ஒரு முறைக்கு இருமுறை கேளுங்கள்.

நார்வேஜியனுக்கும் நியாயம் செய்ய வேண்டும், ஒரு இடத்தில் அது தமிழோடு ஒட்டிப் பிறந்தது. "அவன் தன் புத்தகத்தை எடுத்தான்", "அவன் அவனுடைய புத்தகத்தை எடுத்தான்". முதலாவதில் சொந்தப் புத்தகம், இரண்டாவதில் வேறு எவனுடையதோ என்ற சந்தேகம். அங்கே "பூகா சி" என்றால் தன் புத்தகம், "பூகா ஹான்ஸ்" என்றால் மற்றவனுடையது, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இந்தியில் "அப்னா" இருக்கிறதே என்பீர்கள். அதில் "மைன் அப்னீ கிதாப்" என்று "நான்" என்பதற்கும் போட்டுக்கொள்வார்கள். தமிழில் "நான் தன் புத்தகத்தை எடுத்தேன்" என்று சொல்லமாட்டோம், நார்வேக்காரரும் சொல்லமாட்டார். படர்க்கைக்கு மட்டும்தான். ஆங்கிலம் வழியாக நார்வேஜியன் படிக்கிறவர்கள் இந்த "சி"யில் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள், நீங்கள் "தன்" என்று மனதில் வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடியும்.


முலுண்ட்_கிழக்கு

அக்காவிடம் இதைக் காட்டினேன். "இதை எனக்குப் பத்து வருடம் முன்னால் ஏன் யாரும் சொல்லவில்லை" என்று திட்டுகிறாள். கூடவே ஒரு எச்சரிக்கையும் அனுப்பியிருக்கிறாள். நார்வேஜியனில் சுரம் உண்டு. விவசாயிகள் என்பதற்கும் அவரைக்கொட்டை என்பதற்கும் ஒலி ஒன்றுதான், "பொன்னெர்", உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும். ராகம் மாறினால் பொருள் மாறும். கடையில் இவள் விவசாயிகள் அரைக் கிலோ கேட்டாளாம். கடைக்காரர் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தது அவர் பெருந்தன்மை.

வினை எங்கே நிற்கும் என்பதையும் பாருங்கள், இலோகானோவில் வாக்கியத்தின் முதலில், நார்வேஜியனில் சாதாரண வாக்கியத்தில் இரண்டாவது இடத்தில், தமிழில் கடைசியில். "இன்று" என்று ஆரம்பித்தால் நார்வேக்காரர் உடனே வினையைப் போட்டுவிட்டுத்தான் "நான்" என்பார், இன்று சாப்பிடுகிறேன் நான் மீன். இதில் எந்தப் பக்கம் போனாலும் தமிழன் வாக்கியத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.


ஆயில்_சட்டை, செம்பூர்

இரண்டு நாள் யோசித்தேன். நேற்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். மாமி கொடுத்த இரண்டு மீன் வாக்கியத்தையும் குரல் பதிவாக எங்கள் ஆயிலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சீஃபுக்கும் "யை ஸ்பிஸ்தெ ஃபிஸ்கென்" அனுப்பினேன்.

சீஃப் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஆங்கிலத்தில், ஜனவரியில் சேரும்போது ப்யூரிஃபையர் உதிரிப் பாகங்களின் பட்டியலைக் கொண்டுவா என்று பதில் போட்டார்.

ஆயிலரிடமிருந்து மொத்தம் ஆறு குரல் பதிவு. முதலாவதில் சிரிப்பு மட்டும். இரண்டாவதில் என் உச்சரிப்பைத் திருத்துகிறார், மூன்றாவதில் அவர் மனைவி திருத்துகிறார், நாலாவதில் பின்னால் சேவல் கூவுகிறது, அதற்கிடையில் ஒரு கிழவர் குரல் எதையோ கேட்கிறது. ஐந்தாவதில் எந்த மீன், எங்கே வாங்கினாய், எப்படிச் சமைத்தாய் என்று அடுக்கடுக்காகக் கேள்வி, அதில் எனக்குப் புரிந்தது "இக்கன்" மட்டும். ஆறாவது ஒரே சொல், "அடிங்!" போசன் அண்ணன் முன்னாலேயே சொல்லியிருந்ததால் கோபம் வரவில்லை.

அதனால் இலோகானோ. நார்வேஜியன் பக்கம் அந்த "தன்" விஷயத்தை மட்டும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இலோகானோவுக்குப் புத்தகம் எது நல்லது?


மாட்டுங்கா_மாமி

கார்ல் ரூபினோ என்பவருடைய அகராதியும் இலக்கணமும் சேர்ந்த தடிமனான புத்தகம், 2000இல் ஹவாய் பல்கலைக்கழக அச்சகம் போட்டது. அதை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூக்கம்தான் வரும். ஆயிலர் சொல்கிற சொல்லை அதில் தேடுங்கள். கொஞ்சம் பழகியதும் "பன்னவாக்" என்ற பத்திரிகையைப் பாருங்கள், விடியல் என்று அர்த்தம், 1934இல் ஆரம்பித்தது, தொடர்கதை, கவிதை எல்லாம் உண்டு. நம் வார இதழ் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதமாக இருக்கும், ஸ்பானிஷ் முறையில் ஒருவர், தகாலோக் முறையில் இன்னொருவர். மிரள வேண்டாம். பன்மைக்குச் சொல்லின் தலையை இரட்டிப்பார்கள், "பலாய்" வீடு, "பல்பலாய்" வீடுகள். நடந்துகொண்டிருக்கிற வேலைக்கும் அதேதான், "அக்பாசா" படி, "அக்பஸ்பாசா" படித்துக்கொண்டிருக்கிறது. "கள்" கிடையாது என்று வருத்தப்படாதீர்கள்.


முன்னாள்_போசன், சயான் கோலிவாடா

தம்பி, ஜாயினிங் மெடிக்கல் எப்போது? மஸ்ஜித் பந்தர் பக்கம் வருவீர்கள் அல்லவா, நானும் செவ்வாய்க்கிழமை அங்கேதான் இருப்பேன், பழைய சர்வீஸ் பேப்பர் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம், வாய்க்குப் பழக்கமும் ஆகும். நாம் இரண்டு பேர் மட்டும் என்றால் இன்தா, மாமியும் வருகிறார் என்றால் இன்தாயோ.


மாட்டுங்கா_மாமி

மாமிக்கு முழங்கால் வலி, மஸ்ஜித் பந்தர் பாலம் ஏற முடியாது. இன்தாவே போதும். மீனை யார் சாப்பிட்டது என்று மட்டும் சரியான வினையில் எழுதி அனுப்புங்கள்.